மூணு டப்பா, ஒரே ஃபார்முலா

போன மாசம் லேப்ல டெசிகேட்டரை, அதாவது பொடிகளை ஈரம் படாம வைக்கற பெட்டியை, காலி பண்ணிட்டு இருந்தோம். ஜூனியர் பையன் ஒருத்தன் மூணு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில ஏந்திட்டு வந்து, "அண்ணா, மூணுலயும் இரும்பு ட்ரைஃப்ளூரைடுன்னுதான் எழுதியிருக்கு, ஒண்ணை வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் வேஸ்ட்ல போட்டுறவா?"ன்னு கேட்டான். எனக்கு நெஞ்சு ஒரு செகண்ட் நின்னு போச்சு. ஏன்னா லேபிள்ல இருந்தது என் கையெழுத்து, உள்ள இருந்தது என் பிஎச்டில கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், ஒழுங்கா முழுப்பேரை எழுதாத சோம்பேறித்தனமும் என்னோடதுதான்.

பையன் மேல தப்பே இல்ல. மூணு பொடியையும் கரைச்சு, இரும்பு எவ்வளவு ஃப்ளூரின் எவ்வளவுன்னு அளந்து பாத்தா மூணும் ஒண்ணேதான், ஒரு இரும்புக்கு மூணு ஃப்ளூரின். ஆனா காந்த குணத்தைக் கேட்டா மூணும் மூணு ஊர்க்காரங்க. முதல் டப்பால இருக்கறது சுமார் 363 கெல்வின் வரைக்கும், அதாவது 90 டிகிரி செல்சியஸ் வெந்நீர்ல போட்டாலும், காந்த ஒழுங்கு கலையாம நிக்கும். ரெண்டாவதுக்கு அந்த ஒழுங்கு வரணும்னா சுமார் 110 கெல்வினுக்குக் குளிரணும், திரவ நைட்ரஜன் வேணும். மூணாவது 20 கெல்வின் பக்கம் போனாத்தான் ஒழுங்குக்கு வரும், அதுக்கு ஹீலியம் இல்லாம வேலை ஆகாது. இவ்வளவு வித்தியாசம் எங்கேர்ந்து வருதுன்னு அவனை உக்கார வச்சுச் சொல்ல ஆரம்பிச்சேன், டீ ஆறிப்போச்சு. அதைத்தான் இங்க கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு, இங்க காந்தம்னு சொல்றது ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற சமாச்சாரம் இல்ல. இந்தப் பொடியில ஒவ்வொரு இரும்பு அயனியும் ஒரு குட்டி காந்தம், அஞ்சு எலக்ட்ரான் அஞ்சு அறையில தனித்தனியா, எல்லாம் ஒரே பக்கம் சுழன்டுக்கிட்டு இருக்கு. பக்கத்துல இருக்கற இரும்போட அதுக்கு ஒத்துப்போகாது, இது மேல பாத்தா அது கீழ பாக்கணும். எல்லாரும் அப்படி எதிரும் புதிருமா நின்னுட்டா மொத்தத்துல காந்தம் பூஜ்யம், வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், உள்ள மட்டும் பயங்கர ஒழுங்கு. இதுக்கு எதிர்ஃபெரோகாந்தம்னு பேரு, இப்படி ஒரு ஒழுங்கு இருக்க முடியும்னு 1930-கள்ல சொன்ன லூயி நீலுக்கு 1970-ல நோபல் கொடுத்தாங்க, அந்த ஒழுங்கு கலையற வெப்பநிலைக்கும் அவர் பேருதான், நீல் வெப்பநிலை.

இப்ப கட்டடத்துக்கு வருவோம். மூணு டப்பாலயும் செங்கல் ஒண்ணேதான். நடுவுல ஒரு இரும்பு, அதைச் சுத்தி ஆறு ஃப்ளூரின், மேல கீழ முன்ன பின்ன இடது வலது, அப்படி ஒரு எண்முகி. இரும்புக்கும் ஃப்ளூரினுக்கும் நடுவுல தூரம் 1.92, 1.93 ஆங்ஸ்ட்ராம், மூணுலயும் கிட்டத்தட்ட அதேதான். ஒவ்வொரு செங்கல்லும் தன்னோட ஆறு மூலையையும் பக்கத்துச் செங்கல்லோட பங்கு போட்டுக்குது, ஆறை ரெண்டால வகுத்தா மூணு. அவ்வளவுதான் ஃபார்முலா! ஒரு இரும்புக்கு மூணு ஃப்ளூரின்ங்கறது, "எல்லா மூலையும் பங்கு போட்டாச்சு"ன்னு சொல்லுதே ஒழிய யார் யாரோட பங்கு போட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாது. இது எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆச்சு, அதுவரைக்கும் ஃபார்முலான்னா பொருளோட ஜாதகம்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ரெண்டு இரும்பும் நேரடியா தொட்டுக்காது, நடுவுல எப்பவும் ஒரு ஃப்ளூரின் நிக்குது, பேச்சுவார்த்தை எல்லாம் அது வழியாத்தான். இந்தத் தரகு வேலைக்கு சூப்பர்எக்ஸ்சேஞ்ச்னு பேரு, 1934-ல கிராமர்ஸ் ஆரம்பிச்சு வச்சாரு, 1950-ல ஆண்டர்சன் கணக்கா எழுதினாரு, அப்புறம் குடினஃபும் கனமோரியும் 50-கள்ல விதியா ஆக்குனாங்க. (லித்தியம் பேட்டரிக்காக 97 வயசுல நோபல் வாங்கினாரே, அதே குடினஃப்தான்.) நம்ம இரும்புக்கு அந்த விதி என்ன சொல்லுதுன்னா இரும்பு, ஃப்ளூரின், இரும்பு மூணும் நேர்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்துல நிக்குதோ அவ்வளவு பலமா எதிர்த்து நிக்கும். கோணம் மடங்க மடங்க பலம் குறையும்.

ஃப்ளூரின் ரொம்ப கருமித் தரகன். தன் எலக்ட்ரானை யாருக்கும் லேசுல விடாது, அதனால பேச்சு ஆக்சைடுகள்ல மாதிரி பலமா நடக்காது. லாந்தனம் இரும்பு ஆக்சைடுல அதே இரும்பு, அதே மாதிரி மூலை பங்கு போடுற எண்முகிகள்தான், ஆனா நீல் வெப்பநிலை சுமார் 740 கெல்வின், நம்மளோடதுக்கு ரெண்டு மடங்கு. மாங்கனீஸ் ஆக்சைடு 118, மாங்கனீஸ் டைஃப்ளூரைடு 67. ஆனா அந்தக் கருமித்தனத்துலயும் ஒரு லாபம் இருக்கு, பேச்சு பக்கத்து வீட்டோட நின்னுரும், தெருக்கோடி வரைக்கும் போகாது. அதனாலதான் தியரிக்காரங்க பேப்பர்ல போட்ட கணக்கை நிஜத்துல பாக்கணும்னா ஃப்ளூரைடைத் தேடி வருவாங்க. இரட்டைப் பரிமாண ஐசிங் மாடலை (ஒரே தளத்துல அடுக்கின குட்டி காந்தங்க மேல இல்ல கீழ மட்டும்தான் பாக்கும்னு வச்ச கணக்கு) 1944-ல ஆன்சாகர் தீர்த்தாரு, சூடு ஏறும்போது காந்தம் மறையுற வேகத்தைச் சொல்ற எண் எட்டுல ஒண்ணு, அதாவது 0.125-ன்னு 1952-ல யாங் வெளியிட்டாரு, 1974-ல பொட்டாசியம் கோபால்ட் ஃப்ளூரைடுல நியூட்ரானைச் சிதற விட்டு (உள்ள குட்டி காந்தங்க எந்தப் பக்கம் பாக்குதுன்னு அது காட்டிக் கொடுத்துரும்) அளந்தப்ப வந்தது 0.123. பேப்பர்ல இருந்த கணக்கு கல்லுல அப்படியே எழுதியிருக்கு! இதைப் படிச்ச அன்னிக்கு ஹாஸ்டல் மெஸ்ல யாரைப் பாத்தாலும் சொல்லிட்டு இருந்தேன், ஒருத்தரும் சாம்பார்லேர்ந்து தலையைத் தூக்கல.

சரி, டப்பா ஒண்ணு. செங்கல்லை நேர்நேரா கனசதுரமா அடுக்கினா வர்ற கட்டடம், ரீனியம் ட்ரையாக்சைடு மாதிரி, ஆனா இதுல ஒவ்வொரு எண்முகியும் லேசா திரும்பி நிக்கறதால கட்டடம் முழுக்க கொஞ்சம் சுருங்கி சாய்சதுர வடிவமா ஆயிருது. இரும்பு, ஃப்ளூரின், இரும்பு கோணம் 180 இல்ல, சுமார் 153 டிகிரி. இதுல எந்த இரும்புலேர்ந்து கிளம்பி எந்தக் குட்டி வட்டம் சுத்தி வந்தாலும் நாலு வீடு. நாலு இரட்டைப்படை, மேல கீழ மேல கீழன்னு போட்டா கணக்கு சரியா முடியுது, ஒருத்தருக்கும் மனக்குறை இல்ல. ஒவ்வொரு இரும்புக்கும் ஆறு அண்டை வீட்டுக்காரங்க, ஆறு பேரும் எதிர்ப்பக்கம். 1958-லயே அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துல வாலனும் கூட்டாளிகளும் இரும்புக் குடும்பத்து ட்ரைஃப்ளூரைடு வரிசையை நியூட்ரான் வச்சுப் பாத்து இதைச் சொல்லிட்டாங்க. அங்க நியூட்ரான் சிதறல் வேலையை வாலனோட சேந்து பண்ணின ஷல்லுக்கு 1994-ல நோபல் வந்துச்சு, வாலன் 1984-லயே போயிட்டாரு. எனக்கு அது இன்னிக்கும் உறுத்தும், ஆனா அது வேற கதை.

டப்பா ரெண்டு. இதோட பேரு அறுகோண டங்ஸ்டன் பிரான்ஸ் வகை (பிரான்ஸ்னா இங்க வெண்கலம், நாடு இல்ல). இதுல டங்ஸ்டனும் கெடையாது, வெண்கலமும் கெடையாது, பேருக்குச் சொந்தமான டங்ஸ்டன் சேர்மத்துலயே வெண்கலம் இல்ல, உலோகம் மாதிரி மின்னுறதால வச்ச பேரு, அந்த மாதிரி கட்டடம்னா எதுவா இருந்தாலும் அதே பேரை ஒட்டிருவாங்க. ஓட்டை விட்டு முடையற மூங்கில் கூடையைப் பாத்திருப்பீங்க, நடுவுல அறுகோண ஓட்டை, ஓட்டையைச் சுத்தி முக்கோணம் முக்கோணமா. ஜப்பான்காரங்க அந்தப் பின்னலுக்கு ககோமேன்னு சொல்றாங்க, இயற்பியல்லயும் அதே பேருதான். அந்தக் கூடைப் பின்னலை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா டப்பா ரெண்டு. இப்ப முக்கோணத்துல மூணு பேர், யாருக்கு யாரும் ஆகாது. ஒருத்தன் மேல பாத்தான், ரெண்டாவது ஆளு கீழ பாத்தான், மூணாவது ஆளு என்ன பண்ணுவான்? மேல பாத்தா முதல் ஆளோட சண்டை, கீழ பாத்தா ரெண்டாவது ஆளோட. இதுக்கு 1977-ல ஜெரார் தூலூஸ்ங்கற இயற்பியலாளர் வச்ச பேரைத் தமிழ்ல சொன்னா விரக்தி. பிஎச்டி நாலாம் வருஷத்துக்கும் அதே சொல்தான்.

கடைசில மூணு பேரும் ஒரு சமரசத்துக்கு வர்றாங்க, ஆளுக்கு 120 டிகிரி விலகி நிப்போம்னு. யாரும் யாருக்கும் நேர் எதிர் இல்ல, ஆனா ஒருத்தரும் ஒருத்தரோட ஒரே பக்கமும் இல்ல. நேர் எதிரா நின்னா வர்ற ஆற்றல் லாபத்தை ஒரு ரூபான்னு வச்சுக்குங்க, 120 டிகிரில நின்னா அரை ரூபாதான்.

டப்பா மூணு, பைரோக்ளோர். இந்தப் பேரு கிரேக்கத்துல பச்சை நெருப்பு, தீயில காட்டினா பச்சையா மாறுற ஒரு கனிமத்துக்கு வச்ச பேரு, கட்டடத்துக்கும் ஒட்டிக்கிச்சு. இதுல இரும்பெல்லாம் நான்முகிகளா சேந்து நிக்குது, ஒரு நான்முகியோட ஒவ்வொரு மூலையும் அடுத்த நான்முகிக்கும் மூலை. நாலு முகமும் முக்கோணம், எந்தப் பக்கம் திரும்பினாலும் முக்கோணம். இரும்பு, ஃப்ளூரின், இரும்பு கோணமும் 142 டிகிரி வரைக்கும் மடங்கிருச்சு. இங்க சமரசம் எப்படின்னா நாலு பேரும் நான்முகியோட நடுவைப் பாத்து, இல்ல நடுவுலேர்ந்து வெளிய பாத்து நிக்கறாங்க, ஒருத்தருக்கொருத்தர் 109 டிகிரி 28 நிமிடம். பிளஸ் டூ கெமிஸ்ட்ரில மீத்தேனுக்குப் படிச்ச அதே கோணம்! இதுல நின்னா கிடைக்கறது ரூபாய்க்கு மூணுல ஒரு பங்கு.

180, 120, 109. மூணு டப்பாலயும் பக்கத்துப் பக்கத்துக் குட்டி காந்தங்களுக்கு நடுவுல வர்ற கோணம். இந்த வரிசையை உலகத்துக்குக் காட்டுன ஊரு பிரான்ஸ்ல இருக்கற லெ மான், 24 மணி நேரக் கார் ரேஸுக்குப் பேர்போன ஊரு. அங்க ஜெரார் ஃபேரேயும் கூட இருந்தவங்களும் 80-கள்ல அறுகோண வகையையும் பைரோக்ளோர் வகையையும் பண்ணி, நியூட்ரானையும் மாஸ்பவரையும் (காமா கதிரை வச்சு இரும்போட காந்தத்தைப் படிக்கற முறை) வச்சு வீடு வீடா கணக்கெடுத்தாங்க. ஃபேரே பின்னாடி வெர்சாய் போய் ஓட்டை ஓட்டையான உலோக-கரிமக் கட்டடங்கள் பண்ணி அதுலதான் பெரும்பேர் வாங்கினாரு, 2010-ல பிரான்ஸோட தேசிய ஆராய்ச்சி மையமான சிஎன்ஆர்எஸ் கொடுக்கற தங்கப் பதக்கம் கிடைச்சுது, 2017-ல காலமானாரு. எனக்கென்னவோ அவரோட ஃப்ளூரைடு காலம்தான் பிடிச்சிருக்கு. ஓட்டையில என்ன வைக்கலாம்னு பாக்கறதுக்கு முன்னாடி ஓட்டையைச் சுத்தி எத்தனை பேர் நிக்கறாங்கன்னு எண்ணின ஆளு.

இப்ப அந்த ரூபாய் கணக்கை முடிச்சுருவோம், இதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம். மூணு டப்பாலயும் ஒவ்வொரு இரும்புக்கும் ஆறு அண்டை வீடுதான். ஒண்ணாவதுல ஆறுக்கு ஆறு ரூபா. ரெண்டாவதுல கூடைக்குள்ள நாலு அண்டை, ஆளுக்கு அரை ரூபா, மேல ஒண்ணு கீழ ஒண்ணு அடுக்குல இருக்கற ரெண்டு பேர்கிட்ட முக்கோணத் தகராறு இல்ல, முழு ரூபா, ஆக நாலு. மூணாவதுல ஆறு பேரும் மூணுல ஒரு பங்கு, ஆக ரெண்டு. சரி, ரூபா எவ்வளவோ அவ்வளவு சூட்டை ஒழுங்கு தாங்கும்னு வச்சு 363-ஐ இந்தக் கணக்குல பிரிச்சா ரெண்டாவதுக்கு 242, மூணாவதுக்கு 121 வரணும். வந்தது 110-ம் 20-ம்! கோணம் மடங்கினதால கொஞ்சம் குறையும், அதைக் கழிச்சாலும் இவ்வளவு பெரிய பள்ளத்துக்கு அது மட்டும் காரணமா இருக்க முடியாது.

மிச்சத்துக்குக் காரணம் ஏழ்மை இல்ல, வசதி. டப்பா மூணுல சமரசத்துக்கு ஒரே ஒரு வழி மட்டும் இல்ல, எண்ணிக்கையில்லாத வழி. நாலு பேரோட அம்புக்குறியையும் கூட்டினா பூஜ்யம் வரணும், அது ஒண்ணுதான் நிபந்தனை, எப்படி வேணா நின்னுக்கலாம், எல்லாத்துக்கும் அதே கூலி. எல்லா வழியும் ஒரே விலைன்னா எதைத் தேர்ந்தெடுக்கறது? அதனால எதுவும் தேறாம அலைஞ்சுக்கிட்டே இருக்கும். அண்டை வீட்டுப் பேச்சு மட்டும்தான் இருக்குன்னா பூஜ்யம் கெல்வின் போனாலும் இது ஒழுங்குக்கு வராதுன்னு 1979-ல வில்லான்ங்கற இயற்பியலாளர் சொல்லிட்டாரு. நிஜத்துல 20 கெல்வின்ல வருதுன்னா, ட்ஸியாலோஷின்ஸ்கி-மோரியான்னு வாயில நுழையாத ஒரு சின்ன விசை மாதிரி பலவீனமான ஆளுங்க குறுக்க வந்து "நடுவைப் பாருங்க, இல்ல வெளிய பாருங்க"ன்னு முடிவு பண்ணி விடறாங்க. பெரியவங்க எல்லாம் சமமா அடிச்சுக்கிட்டு நிக்கற வீட்டுல சித்தப்பா மகன் வந்து பஞ்சாயத்து முடிக்கற மாதிரி.

இடத்தையும் கவனிங்க. ஒரு இரும்பும் மூணு ஃப்ளூரினும் உக்கார முதல் டப்பால 52 கன ஆங்ஸ்ட்ராம், ரெண்டாவதுல 59, மூணாவதுல 69. ரெண்டுலயும் மூணுலயும் உள்ள காலி இடம் அதிகம், அதனால இதுங்க ரெண்டும் தற்காலிகக் குடித்தனம்தான், சூடு ஏத்தினா இடிஞ்சு முதல் டப்பாவா ஆயிரும், திரும்பி வராது. அந்தக் காலி இடத்துல லித்தியம் போய் வரும்னு இப்ப பேட்டரிக்காரங்களும் பின்னாடி சுத்தறாங்க, ஒரு இரும்பு மூணு எலக்ட்ரானையும் வாங்கிக்கிட்டா கிராமுக்கு 712 மில்லிஆம்பியர்-மணின்னு காகிதக் கணக்கு. இதுக்கு என்னடா உபயோகம்னு எங்கம்மா கேட்டா பேட்டரின்னு சொல்லிருவேன், நான் ஒரு பேட்டரியும் பண்ணினதில்ல.

என் கதையையும் சொல்லிடறேன். டப்பா ரெண்டு பண்றது எப்படின்னா, முதல்ல அறுகோண ஓட்டையில தண்ணி உக்காந்திருக்கற ஒரு பொடி, டெஃப்லான் பாத்திரம் வச்ச ஆட்டோகிளேவ்ல, அதாவது பிரஷர் குக்கர் மாதிரி ஒண்ணுல, எச்.எஃப். (ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம்) போட்டு வேக வச்சு எடுக்கறது. கண்ணாடிப் பாத்திரமே கூடாது, எச்.எஃப். கண்ணாடியைத் தின்னுரும். தோல்ல பட்டா உடனே வலிக்காது, மெதுவா உள்ள போய் கால்சியத்தைப் புடிச்சுக்கும், அதனால கால்சியம் குளுக்கோனேட் ஜெல் டியூப் கோட்டுப் பையில இல்லாம உள்ள விடமாட்டாங்க. அந்தப் பொடியை வேக்குவம்ல மெதுவா சூடு பண்ணி தண்ணியை மட்டும் வெளியேத்தணும், கட்டடம் அசையக்கூடாது. நான் பண்ணின ஒரு தடவை வேக்குவம் லைன்ல காத்து புகாம அடைக்கற ரப்பர் வளையம், ஓ-ரிங், ஒண்ணுல மயிரிழை விரிசல். எனக்குத் தெரியல. பொடி லேசா காவி நிறமா வந்துச்சு, ட்யூப்லைட் வெளிச்சம்னு நெனச்சு விட்டுட்டேன்.

அப்புறம் மாஸ்பவர்ல வச்சேன். பாக்க ஒண்ணுமே இல்லாத மெஷின், கோபால்ட்-57 மூலம் ஒரு கம்பி நுனியில, அது முன்னாடியும் பின்னாடியும் போய் வரும், வேகம் செகண்டுக்கு சில மில்லிமீட்டர், எறும்பு இதைவிட வேகமா ஓடும். அந்த எறும்பு நடையிலேயே காமா கதிரோட ஆற்றல் நமக்கு வேண்டிய அளவு மாறிருது. ஒழுங்கில்லாத இரும்புன்னா ரெண்டு கோடு விழும், காந்த ஒழுங்கு இருந்தா ஆறு. ரூம் டெம்பரேச்சர்ல டப்பா ரெண்டுக்கு ரெண்டு கோடுதான் வரணும். ராத்திரி முழுக்க ஓட விட்டு காலைல வந்து பாத்தா நடுவுல ரெண்டு, அதைத் தாண்டி ரெண்டு பக்கமும் இன்னும் ஆறு, மெலிசா. சூடு அதிகமாகி கொஞ்சம் டப்பா ஒண்ணா மாறிடுச்சுன்னு முடிவு பண்ணி, கைடு கிட்டயும் போய் சொல்லிட்டேன், மாற்றம் எந்த வெப்பநிலைல நடக்குதுன்னு ஒரு பேப்பரே எழுதலாம் சார்னு.

அவரு ஸ்கேலை எடுத்து வெளிக்கோடு ரெண்டுக்கும் நடுவுல அளந்தாரு, அந்த இடைவெளிதான் இரும்பு உணர்ற காந்தப் புலத்தோட அளவு, அதோட அலகு டெஸ்லா. "இது 51 டெஸ்லாவுக்கு மேல வருதேப்பா, உன் ஃப்ளூரைடுக்கு ரூம் டெம்பரேச்சர்ல அவ்வளவு வருமா?" அப்பத்தான் உறைச்சுது. குளிர வச்சா டப்பா ஒண்ணுக்கு 62 டெஸ்லா வரும், உண்மை, ஆனா ரூம் டெம்பரேச்சர்ங்கறது 363-க்கு ரொம்பப் பக்கம், அங்க ஒழுங்கு பாதி வழியில தளர்ந்து 40 பக்கம்தான் நிக்கும். 51-க்கு மேல நிக்கறது ஹேமடைட், அதாவது துரு. விரிசல் வழியா ஈரக்காத்து போயிருக்கு, ஃப்ளூரைடு எச்.எஃப்.-ஐ விட்டுட்டு ஆக்சைடா மாறியிருக்கு. நான் பேப்பர் எழுத இருந்தது துருவைப் பத்தி. அவரு திட்டல, "ஓ-ரிங் எவ்வளவு, இருவது ரூபா இருக்குமா?"ன்னு மட்டும் கேட்டாரு, திட்டியிருந்தா பரவால்லன்னு இருந்துச்சு.

பையன் இதெல்லாம் கேட்டுட்டு கொஞ்ச நேரம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "அப்ப அஞ்சு பேர் வளையம் இருந்தா என்ன ஆகும்ணா?"

நல்ல கேள்வி. அஞ்சும் ஒத்தப்படைதான், மேல கீழ கணக்கு முடியாது. ஆனா மூணு பேர் சுமக்கற குறையை அஞ்சு பேர் பிரிச்சுக்கறாங்க, அடுத்தடுத்த ஆளு 144 டிகிரில நிக்கலாம், ரூபாய்க்கு 81 பைசா கிடைக்கும். பக்கமும் கோணமும் சமமான அஞ்சுகோண வளையத்தை மட்டும் வச்சு தளம் நிரப்ப முடியாதுன்னாலும் மூணு, நாலு, அஞ்சு வளையம் கலந்து கட்டின ஃப்ளூரைடு இருக்கு, பொட்டாசியம் உள்ள உக்காந்த நாற்கோண டங்ஸ்டன் பிரான்ஸ் வகை, அதுல இரும்புல ரெண்டு வகை கலந்து, பாதி பேருக்கு அம்பு நீளம் வேற, அதனால கூட்டிப் பாத்தா பூஜ்யம் வராம நிஜமாவே கொஞ்சம் காந்தம் மிஞ்சும். அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன், அதுக்கும் ஒரு டப்பா இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சேன், அவன் அதுக்குள்ள மார்க்கரை எடுத்து மூடியில 180, 120, 109-ன்னு எழுதிட்டு இருந்தான்.

டெசிகேட்டர் பின்வரிசையில நாலாவதா ஒரு டப்பா இருந்துச்சு, லேசா காவி நிறம். அதுல மட்டும் நான் அப்பவே சரியான பேரை எழுதி வச்சிருக்கேன்: "துரு. தூக்கிப் போடாதே."